இந்த வருஷம் ராணி யார்?

கிரவுன்ஸ்வில் சாலை

அக்டோபர் மாதச் சனிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கே கிரவுன்ஸ்வில் சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. முன்னால் நின்ற டொயோட்டாவில் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு, வைக்கிங் வேடத்தில் ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வண்டியில் இரண்டு வனதேவதைகள். சிறகுகளை எங்கே மடக்குவது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே விட்டிருந்தார்கள். இதையெல்லாம் பின் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்த கும்பகோணத்து அம்மையார் மருமகனிடம் கேட்டார்: "மாப்பிள்ளை, இது எட்டாம் ஹென்றி காலத்துத் திருவிழான்னுதானே சொன்னீங்க?"

முப்பத்தோரு வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். கேள்வியில் நியாயம் இருந்தது. ஹென்றிக்கு வைக்கிங் ஐந்நூறு ஆண்டு மூத்தவன். அது போதாதென்று, வைக்கிங்குகள் கொம்பு வைத்த கவசம் அணிந்ததற்குச் சான்றே கிடையாது. 1876-இல் வாக்னரின் இசை நாடகத்துக்கு ஆடை வடிவமைத்தவர் மாட்டிவிட்ட கொம்பு அது; இன்றுவரை கழலவில்லை.

அமெரிக்கர்கள் 'ரென் ஃபேர்' என்று சுருக்கிச் சொல்லும் இந்த மறுமலர்ச்சிக் காலச் சந்தை ஐரோப்பாவிலிருந்து வந்ததல்ல. 1963 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற பள்ளி ஆசிரியையும் அவர் கணவர் ரானும், கே.பி.எஃப்.கே. என்ற வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட நடத்திய இரண்டு நாள் சந்தைதான் இதன் தொடக்கம். ஃபிலிஸ் தன் வீட்டுக் கொல்லையில் பிள்ளைகளுக்குப் பழைய இத்தாலியத் தெருநாடகம் சொல்லிக்கொடுத்து வந்தவர். இடதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டு ஹாலிவுட்டில் வேலை இழந்திருந்த கலைஞர்கள் சிலருக்கும் அந்தச் சந்தை இடம் கொடுத்தது. பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. மேரிலாந்தில் 1977-இல் தொடங்கி, 1985 முதல் கிரவுன்ஸ்வில் காட்டுக்குள் நடக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை, வார இறுதிகளில் மட்டும் உயிர் வரும் இந்தக் கற்பனை ஆங்கிலேயக் கிராமத்துக்கு ரெவல் குரோவ் என்று பெயர்.

அதே சாலையில் மூடிக் கிடக்கும் செங்கல் கட்டடங்களை வண்டிகள் கடந்து போகின்றன. 1911-இல் கறுப்பின மனநோயாளிகளுக்கென்று தனியாகத் திறக்கப்பட்டு, 2004-இல் மூடப்பட்ட மருத்துவமனை அது. காட்டை வெட்டித் திருத்திக் கட்டடம் எழுப்பியதில் நோயாளிகளின் உழைப்பே பெரும் பங்கு. உயிரணு ஆய்வில் பெயர் நிலைத்த ஹென்ரியெட்டா லாக்ஸின் மகள் எல்ஸி 1955-இல் இறந்தது இங்கேதான். பின்னால் இருக்கும் இடுகாட்டில் பல கற்களில் பெயர் இல்லை, எண் மட்டும். சந்தைக்குப் போகிறவர்கள் யாரும் இங்கே வண்டியை நிறுத்துவதில்லை. அம்மையார் மட்டும் தலையைத் திருப்பி, கட்டடம் கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

வாசல்

வண்டி நிறுத்தும் இடம் வெறும் புல்வெளி. அங்கிருந்தே புழுதி தொடங்கிவிடும். உள்ளே தெருக்கள் மண்ணும் மரவேருமாக, மேடும் பள்ளமுமாகக் கிடக்கின்றன. மழை பெய்திருந்தால் சேறு. இங்கே முதலில் தோற்றுப்போவது புதுச் செருப்பு. காலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரை மதியம் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். மாலை ஐந்து மணிக்கு மறுபடி அதையே தேடவும் வேண்டியிருக்கும்.

மகளும் மருமகனும் ஜீன்ஸில் வந்திருந்தார்கள். ஒன்பது வயதுப் பேத்தி தலையில் காகிதக் கிரீடம். இப்படிச் சாதாரண உடையில் வருவதில் ஒரு தவறும் இல்லை, பாதிக்கூட்டம் அப்படித்தான். ஆனால் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்று புரியும். வேஷம் கட்டியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கும் நடிகர்களே இல்லை, டிக்கெட் வாங்கி வந்தவர்கள். பார்வையாளரும் ஆட்டக்காரருமாக இருக்கும் இவர்களுக்கு 'ப்ளேட்ரன்' என்று சந்தைப் பேச்சில் ஒரு பெயர் உண்டு. அவர்கள் உடுத்துவதை வேஷம் என்றோ காஸ்ட்யூம் என்றோ சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும், அது 'கார்ப்'. அங்கேயே வேலை செய்து, பருவம் முடிந்ததும் அடுத்த மாநிலச் சந்தைக்கு மூட்டை கட்டுகிறவர்கள் 'ரென்னி'. ஆசைப்படுகிறவர்களுக்கு வாடகைக்கும் உடை கிடைக்கிறது. இடுப்பில் வாள் வேண்டுமென்றால் உறையோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும், உருவ முடியாதபடி.

அம்மையாருக்கு இந்தக் கவலையே இல்லை. வெளியூர் என்றால் பட்டு என்ற தன் வழக்கப்படி, அரக்குச் சிவப்பில் திருபுவனம் சேலை உடுத்தி, காலில் மட்டும் மகளின் ஓட்டப் பயிற்சிக் காலணி அணிந்திருந்தார். வாசலைத் தாண்டியதும் வெல்வெட் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஊர்ப் பெரிய மனிதர் வேடத்தில் ஒருவர் எதிர்ப்பட்டார். ஜீன்ஸ்காரர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. தொப்பியைக் கழற்றி, இடுப்பு வரை வளைந்து அம்மையாரை வணங்கி, மேன்மை தங்கிய சீமாட்டி எந்த தேசத்திலிருந்து எழுந்தருளியிருக்கிறார் என்று கேட்டார்.

மகள் சங்கடத்தோடு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்மையார் நிமிர்ந்து நின்று, பாடம் நடத்தும் ஆங்கிலத்தில், ஒரே சொல்லில் பதில் சொன்னார்: "விஜயநகரம்."

அந்த மனிதர் அரை விநாடிகூடத் தடுமாறவில்லை. அப்படியானால் மன்னருக்கு மிளகு கொண்டு வந்திருப்பீர்களே என்றார். கப்பல் பின்னால் வருகிறது என்றார் அம்மையார்.

முதல்முறை வருகிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அருங்காட்சியகத்துக்குள் நுழைவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். வேடக்காரர் பேச்சுக் கொடுத்தால் வெட்கத்தோடு சிரித்து நழுவுவார்கள். இங்கே பேச்சுக்குப் பேச்சு கொடுக்க வேண்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. திருத்த யாரும் வரப்போவதில்லை. சும்மா வேடிக்கை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு மணி நேரத்தில் இது புழுதியும் விலையுயர்ந்த தின்பண்டமுமாகச் சுருங்கிவிடும்.

இன்னொரு கேள்வியையும் வாசலிலேயே கேட்டுவிடுவது நல்லது. மேரிலாந்துச் சந்தை ஹென்றியின் ஆட்சியை ஒரே கதையாக வைத்துக்கொள்வதில்லை. ஒரு பருவத்துக்கு ஆட்சியின் ஓர் ஆண்டு என்று எடுத்து நடத்துகிறது. ஆறு முறை மணம் செய்த மன்னர் என்பதால் விவரம் முக்கியம். "இந்த வருஷம் ராணி யார்?" என்று அம்மையார் கேட்டார். பெரிய மனிதர் அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, மன்னர் காதில் விழும்படி இதையெல்லாம் கேட்காதீர்கள் என்றார்.

சாப்பாட்டுக் கடைகள்

பதினோரு மணிக்கே புகை வாசனை. அமெரிக்கச் சந்தைகள் எல்லாவற்றுக்கும் சின்னம்போல ஆகிவிட்ட பண்டம் வான்கோழிக் கால். முழங்கை நீளம் இருக்கும், ஏறக்குறைய முக்கால் கிலோ. உப்புநீரில் ஊறவைத்துப் புகையூட்டியதால் உள்ளே கறி இளஞ்சிவப்பாக, பன்றிக்கறிபோலத் தெரியும். வேகவில்லையோ என்று பதற வேண்டாம். தட்டு, கத்தி, முள்கரண்டி எதுவும் தரமாட்டார்கள். எலும்பைப் பிடித்துக் கடிக்க வேண்டியதுதான். அக்கம்பக்கத்து மேசைகளில் அமெரிக்கர்கள் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு தடுமாறியபோது, மருமகன் விரலால் பிய்த்துப் பிய்த்து நிதானமாக முன்னேறிக்கொண்டிருந்தார். பல்லில் ஊசிபோலக் குத்துவது எலும்பு இல்லை. வான்கோழியின் கால் தசைநார்களே முற்றி எலும்பாக இறுகிவிடும். ஒவ்வொன்றாக உருவி எடுத்து வரிசையாக அடுக்கியதில் பேத்திக்குப் பத்து வரை எண்ண முடிந்தது.

ஹென்றியின் விருந்தில் இது உண்டா? அமெரிக்கக் கண்டத்துப் பறவை அது. அவர் காலத்தில்தான் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது, அபூர்வப் பண்டமாக. நடந்துகொண்டே கால் கடிக்கும் வழக்கம் இந்தச் சந்தைகள் பரப்பியது. பறவையின் பெயர்தான் இன்னும் வேடிக்கை. ஆங்கிலேயர் அதைத் துருக்கியின் பெயரால் அழைக்கிறார்கள். துருக்கியர்களோ 'ஹிந்தி' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயருக்கும் 'இந்தியாவினுடையது' என்றே பொருள். உண்மையான இந்தியாவுக்கு அது அந்நியப் பறவை: 1612-இல் கோவாவிலிருந்து ஒன்று முகலாய மன்னர் ஜஹாங்கீரின் அவைக்குப் போனபோது, அவர் வியந்துபோய் ஓவியர் உஸ்தாத் மன்சூரை அழைத்து வரையச் சொன்னார். அந்த ஓவியம் இப்போது லண்டனில் இருக்கிறது.

அம்மையார் சைவம். சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சுட்ட சோளம், பாலாடைக்கட்டி, பீப்பாயிலிருந்து எடுத்துத் தரும் வெள்ளரி ஊறுகாய், ஆப்பிளை மாவில் பொதிந்து சுட்ட இனிப்பு எல்லாம் உண்டு. ஸ்காட்ச் எக் என்று கேட்டுவிட்டு முட்டை போண்டா என்று நம்பி வாங்கிவிடக் கூடாது. முட்டையைச் சுற்றியிருப்பது கடலைமாவு இல்லை, பன்றிக்கறி. சோளத்தைக் கையில் வாங்கியபடி, இதுவும் ஹென்றி காலத்து இங்கிலாந்தில் விளைந்ததில்லையே என்றார் அம்மையார். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் எல்லாவற்றுக்கும் அதே கதைதான். "அப்படிப் பார்த்தா நம்ம வீட்டுச் சாம்பாரும் கிருஷ்ணதேவராயருக்குத் தெரியாதும்மா" என்றாள் மகள். அதற்குப் பிறகு காலக்கணக்குப் பார்ப்பது நின்றது.

குதிரைக் களம்

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. பல மேடைகளில் ஒரே நேரத்தில் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர் ஓடிக்கொண்டேதான் இருப்பார். ஆனால் ஒன்றைத் தவறவிடக் கூடாது. அது ஈட்டிப் போர். அரைமணி முன்னதாகப் போனால்தான் மரப்பலகையில் உட்கார இடம்.

மேரிலாந்துக்காரர்களுக்கு இது வெறும் வேடிக்கையும் இல்லை. 1962-இல் ஈட்டிப் போரைத் தங்கள் மாநில விளையாட்டாகச் சட்டம் போட்டு அறிவித்தவர்கள் அவர்கள். அமெரிக்காவில் ஒரு மாநிலம் தனக்கென்று அதிகாரபூர்வ விளையாட்டை வரித்துக்கொண்டது அதுவே முதல்முறை. அந்தப் போட்டியில் ஆளை ஆள் குத்துவதில்லை. தொங்கும் வளையங்களைப் பாய்ந்து வரும் குதிரையிலிருந்து ஈட்டி முனையால் கோத்தெடுக்க வேண்டும். வளையம் சுற்றுக்குச் சுற்று சிறியதாகி, கடைசியில் கால் அங்குலத்தில் வந்து நிற்கும். பித்தான் துளைக்குள் ஈட்டியை நுழைப்பதுபோல.

சந்தையில் நடப்பது மோதல் வகை. களம் ரெண்டு பட்டது. உட்கார்ந்த பக்கத்துக்கு ஒரு வீரர். அவருக்காகத் தொண்டை கிழியக் கத்துவது அந்தப் பக்கத்தாரின் கடமை. கத்தச் சொல்லிக்கொடுக்கவே ஒருவர் வந்தார். 'ஹுஸ்ஸா' என்று அவர் சொல்லிக்கொடுத்ததைப் பேத்தி முதலில் "ஊச்சா" என்று கத்தி, பின் வரிசையில் இருந்த இன்னொரு தமிழ்க் குடும்பத்தைக் குலுங்கிச் சிரிக்க வைத்தாள்.

குதிரைகள் வந்ததும் சிரிப்பு அடங்கியது. கனத்த இனத்துக் குதிரைகள். குளம்பு விழும்போது உட்கார்ந்திருந்த பலகையில் அதிர்வு ஏறியது. நடுவே நீளமான தடுப்பு. இரண்டு முனையிலிருந்தும் பாய்ந்து, இடப்பக்கம் எதிராளியைக் கடக்கும் கணத்தில் ஒரு சத்தம். பெரிய மரக்கிளை முறிவதுபோல. ஈட்டி முனைகளைச் சீக்கிரம் உடையும் மென்மையான மரத்தில்தான் வைக்கிறார்கள்; இருந்தாலும் சிம்புகள் முதல் வரிசை வரை பறந்தன. மூன்றாவது சுற்றில் ஒருவர் சரிந்து விழுந்தார். பயிற்சி பெற்ற விழுதல்தான். அவர் எழுந்து நிற்கும்வரை கூட்டத்துக்கு அது தெரியவில்லை.

அசல் போட்டிகளில் எல்லோரும் எழுந்து நின்றுவிடவில்லை. 1559-இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி, உடைந்த ஈட்டியின் சிம்பு தலைக்கவசத்துக்குள் பாய்ந்து பத்து நாளில் இறந்தார். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1536 ஜனவரியில் கிரீனிச்சில் குதிரையோடு விழுந்து, அதற்குப் பிறகு ஈட்டியைத் தொடவில்லை. குண்டான, எரிச்சல் பிடித்த, காலில் ஆறாத புண்ணோடு இருந்த ஹென்றியையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் இளமையில் தேர்ந்த வீரர் என்பது களத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

அம்மையாருக்கு வேறொன்று உறைத்தது. முப்பத்தோரு வருஷம் ஹென்றியை ஒரு பாடத்திலும் விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயரை இன்னொரு பாடத்திலும் நடத்தியவர் அவர். இரண்டு பேரும் அரியணை ஏறியது ஒரே ஆண்டு, 1509. 1520 மே மாதம் ராய்ச்சூரில் ராயர் போர் நடத்திக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே ஹென்றி பிரான்சில் பொன்னாடைக் கூடாரங்கள் அடித்துப் பிரெஞ்சு மன்னரோடு கேளிக்கை நடத்தினார். அங்கே மல்லுக்கட்டிப் பிரெஞ்சு மன்னரிடம் தோற்றும் போனார். ஏறக்குறைய அந்தச் சமயத்தில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், ராயர் விடிவதற்கு முன்பே எழுந்து நல்லெண்ணெய் குடித்து, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, வாள் வீசி, மல்யுத்தம் செய்து, குதிரையேறிப் பாய்ந்துவிட்டு வருவார் என்று எழுதி வைத்திருக்கிறார். "ரெண்டு பேரையும் ஒரே கேள்வியில சேர்த்துக் கேட்டிருக்கலாம். தோணவே இல்ல" என்றார் அம்மையார்.

மரநிழல் தெரு

மதியத்துக்கு மேல் கூட்டம் நெரிசலாகிவிடும். அப்போது ஒதுங்க ஏற்ற இடம் கைவினைக் கடைத்தெரு. கண்ணாடி ஊதுகிறவர், தோல் தைக்கிறவர், கொல்லர், மெழுகுவத்தி வார்ப்பவர் என்று நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள். விலை கூடத்தான். அதற்குக் காரணம் கண்ணெதிரே நடக்கிறது.

ஒரு கடையில் ஓர் இளைஞர் சங்கிலிக் கவசம் கோத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் குறடு. எஃகு வளையத்தின் பிளவை இழுத்து விரிக்காமல், ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னுமாகத் திருகித் திறக்கிறார். இழுத்தால் வட்டம் கெட்டுப்போகும். திறந்த வளையத்தை நான்கு வளையங்களுக்குள் நுழைத்து மறுபடி திருகி மூடுகிறார். முனைகள் சந்திக்கும்போது 'டிக்' என்று மெல்லிய ஓசை. அது கேட்கவில்லை என்றால் மறுபடி திறப்பார். சட்டை முழுவதும் இப்படி ஆயிரக்கணக்கில். தொங்கவிட்டிருந்த ஒன்றைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார் அம்மையார். கேட்டுவிட்டுத் தொட்டது நல்லதாயிற்று. கேட்காமல் எதையும் தொடக்கூடாது, வேடம் கட்டியவரைக் கேட்காமல் படமும் எடுக்கக் கூடாது. சட்டை பத்துக் கிலோ இருந்தது. "இதைப் போட்டுக்கிட்டு எப்படி அம்மாச்சி ஓடுவாங்க?" என்றாள் பேத்தி. இளைஞர் ஒரு வளையத்தைத் திருகி மூடி அவள் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

தெருமுனை மேடைகளில் வித்தைக்காரர்கள். இவர்களைத் துணுக்கு நிகழ்ச்சி என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. பென், டெல்லர் என்ற புகழ்பெற்ற மாயவித்தை ஜோடி முதன்முதலில் சேர்ந்து மேடையேறியது 1975-இல், மினசோட்டாச் சந்தையில். கிரவுன்ஸ்வில்லில் வாள் விழுங்கும் ஜானி ஃபாக்ஸ் 2017-இல் இறக்கும்வரை முப்பது வருஷத்துக்கும் மேல் ஆடினார். அவரைச் சிறுபிள்ளையாகப் பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். முன் வரிசையில் உட்காருவது மேடைக்கு வரச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்ததற்குச் சமம். கூச்சம் உள்ளவர்களுக்கு நான்காவது வரிசை. ஆட்டம் முடிந்ததும் தொப்பி சுற்றி வரும். பலருக்கு அதில் விழுவதுதான் முக்கிய வருமானம். சில்லறை நோட்டுகள் சட்டைப்பையில் இல்லாமல் எழுந்து நழுவுவதைவிட அசிங்கம் அந்தக் கிராமத்தில் வேறில்லை. மருமகனிடம் கடன் அட்டை மட்டும் இருந்தது. அம்மையார் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து மடித்து வைத்த ஐந்து டாலரை எடுத்துப் போட்டார்.

மதுக்கடை முற்றம்

ஊர்த் திருவிழாவில் சாமி புறப்பாடு முடிந்தால் கூட்டம் கலையும். இங்கே சாமி இல்லை. சம்பளத்துக்கு வந்த ராஜா ஒருவர்தான். உள்ளே நுழையவும் டிக்கெட். அதனால் இது திருவிழாவே இல்லை, பொருட்காட்சி என்று பகல் முழுக்கச் சாதித்துக்கொண்டிருந்தார் அம்மையார். மாலையில் மதுக்கடை முற்றத்தில் நாள் முடிவுப் பாட்டு தொடங்கியதும் கொஞ்சம் இறங்கி வந்தார். நடிகர்கள், ரென்னிகள், புழுதி படிந்த வனதேவதைகள், காலையில் பார்த்த கொம்புக் கவசக்காரர் எல்லோரும் தோளோடு தோள் நின்று மாலுமிப் பாட்டு பாடினார்கள். பாதிப் பேருக்கு வரிகள் தெரியவில்லை. பல்லவி வரும்போது சேர்ந்துகொண்டார்கள். குடிக்காதவர்களும் நிற்கலாம், யாரும் விரட்டுவதில்லை.

புல்வெளியில் வண்டியைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. சேலைக் கரையில் செம்மண் அப்பியிருந்தது. ஓட்டக் காலணிகளைக் கழற்றித் தட்டியபோது உள்ளேயிருந்து ஈட்டிச் சிம்பு ஒன்று விழுந்தது. பேத்தி அதையும் எஃகு வளையத்தையும் கிரீடத்துக்குள் பத்திரப்படுத்தினாள்.

"அடுத்த வருஷம் இந்த நேரத்துக்கு வர்றியாம்மா, இல்ல தீபாவளிக்கு ஊர்லயே இருந்துடுவியா?" என்று மகள் கேட்டாள்.

அம்மையார் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டு சொன்னார்: "ராணி மாறியிருப்பாளே. யாருன்னு பார்க்க வேண்டாமா?"